கண்ணாடிக்குள் போட்ட கோலம்: துப்பாக்கித் தொலைநோக்கியின் கோடுகள் சொல்லும் கணக்கு

சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்த இளைஞர்களுக்கு எஸ்ஏஆர் 21 துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டு வெளியான அந்தத் துப்பாக்கியின் மேற்கைப்பிடிக்குள் 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய தொலைநோக்கி ஒன்று அமைந்திருந்தது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால், மலேசிய இராணுவம் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஆஸ்திரிய நாட்டு ஸ்டெயர் ஏயூஜி துப்பாக்கியிலும் அதே 1.5 மடங்குத் தொலைநோக்கிதான். ஆக, தொலைநோக்கி வழியே குறிபார்ப்பது இந்த வட்டாரத்து இளைஞர்களுக்குப் புதிய செய்தியன்று.

ஆனால், கடந்த 20 ஆண்டுகளில் இந்தச் சிறு கருவி வெகுவாக மாறிவிட்டது. உருப்பெருக்கம் மாறாத பழைய தொலைநோக்கிகளின் இடத்தில், ஒரு வளையத்தைத் திருப்பினால் 1 மடங்கிலிருந்து 6, 8, ஏன் 10 மடங்கு வரை மாறிக்கொள்ளும் கையடக்கத் தொலைநோக்கிகள் வந்துவிட்டன. 2020-ஆம் ஆண்டு அமெரிக்க மரீன் படை தன் வீரர்களுக்கு 1 முதல் 8 மடங்கு வரையிலான டிரிஜிகான் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்தது. சுமார் 19,000 கருவிகளுக்கான ஒப்பந்தம் அது. 2023-இல் பிரிட்டனின் அரச மரீன் வீரர்களுக்கென்று அறிவிக்கப்பட்ட புதிய துப்பாக்கியில் 1 முதல் 10 மடங்கு வரையிலான வோர்டெக்ஸ் தொலைநோக்கி இருக்கிறது.

இப்படிப்பட்ட கருவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு?" என்பதுதான். அடுத்த கேள்வி விலை. உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கண்ணை வைத்துப் பார்க்கும்போது காட்சியின் மேல் தெரிகிற குறுக்குக்கோடு, வளையம், புள்ளி, எண்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ரெட்டிகல்' என்று பெயர். தோட்டா எங்கே போகும் என்று சுடுபவருக்குச் சொல்வது அந்த வரைபடம் மட்டுமே. அதைத் தவறாகப் படித்தால், எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியாக இருந்தாலும் பயனில்லை.

சிலந்தி காட்டிய வழி

ரெட்டிகலின் கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை, வானத்தில் தொடங்குகிறது. 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே வாழ்ந்த வில்லியம் காஸ்காயின் என்ற வானியல் ஆர்வலர் தம் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை தெளிவாகத் தெரிவதைக் கண்டார். கண்ணாடியின் மேல் தூசி விழுந்தால் அது மங்கலாகத்தானே தெரியும்? இந்த இழை மட்டும் ஏன் நட்சத்திரத்தோடு சேர்ந்து துல்லியமாகத் தெரிகிறது?

காரணம், அது தற்செயலாகச் சரியான இடத்தில் இருந்தது. முன்பக்க லென்ஸ் வழியே வரும் ஒளி குழாய்க்குள் ஓரிடத்தில் குவிந்து காட்சியின் பிம்பத்தை உண்டாக்குகிறது. அந்த இடத்துக்குக் குவியத் தளம் என்று பெயர். அங்கே எதை வைத்தாலும் அது காட்சியின் மேலேயே வரைந்ததுபோல் தெரியும். காஸ்காயின் இதைப் பயன்படுத்திக் கோள்களின் அளவை அளக்கும் கருவியை உருவாக்கினார். 1644-ஆம் ஆண்டு மார்ஸ்டன் மூர் போரில் அவர் மாண்டார். அவர் கண்ட உண்மைதான் இன்று ஒவ்வொரு துப்பாக்கித் தொலைநோக்கியிலும் இருக்கிறது.

சிலந்தி இழைக்குப் பிறகு மெல்லிய கம்பிகள் வந்தன. கம்பியை இருபுறமும் இழுத்துக் கட்ட வேண்டும். அந்தரத்தில் ஒரு புள்ளியை நிறுத்த முடியாது. அதன் பின்னர் கண்ணாடித் தகட்டின் மேல் கோடுகளைப் பொறிக்கும் முறை வந்தது. அதற்குப் பிறகுதான் எதையும் தொடாமல் நிற்கும் வளையம், புள்ளி, எண் என்று விரும்பியதையெல்லாம் வரைய முடிந்தது. எதையும் வரையலாம் என்றானதும், எதை வரைவது என்ற சிக்கலும் கூடவே வந்துவிட்டது.

ஒரு வளையம், ஒரு கணக்கு

முதலில் எளிய வடிவத்தைப் பார்ப்போம். ஏயூஜி துப்பாக்கியின் தொலைநோக்கியில் பெரும்பாலும் ஒரே ஒரு கறுப்பு வளையம்தான் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் அந்த வளையத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 300 மீட்டர் தூரத்தில் நின்றால், அவர் உருவம் வளையத்தின் உட்புறத்தை மேலிருந்து கீழ்வரை சரியாக நிரப்பும். வளையத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அவர் 300 மீட்டருக்குள் இருக்கிறார். சிறிதாகத் தெரிந்தால் அதற்கும் அப்பால் இருக்கிறார்.

அவசரத்தில் குறிபார்க்கவும் அந்த வளையமே உதவும். வட்டத்தின் நடுவை மனிதக் கண் தானாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும். இப்படி இரண்டு வேலையை ஒரே வடிவம் செய்ததற்குக் காரணம், அந்தத் தொலைநோக்கியின் உருப்பெருக்கம் மாறாதது. 1.5 மடங்கு என்றால் எப்போதும் 1.5 மடங்குதான். கணக்கும் மாறாது.

பாகை, கலை, மில்

மேலே போவதற்குமுன் ஓர் அளவை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ரெட்டிகல் கோடுகள் சென்டிமீட்டரில் அளப்பதில்லை, கோணத்தில் அளக்கின்றன. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பாகை, கலை என்ற சொற்கள் தெரிந்திருக்கும். ஒரு பாகையில் 60 கலை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பல காலமாக இந்தக் கலை அளவையே பயன்படுத்தி வருகிறார்கள். 100 மீட்டரில் ஒரு கலை என்பது ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர்.

படைகளில் அதிகம் புழங்குவது 'மில்' என்னும் அளவு. இதன் கணக்கு எளிது. தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர், 1,000 மீட்டரில் ஒரு மீட்டர். 180 சென்டிமீட்டர் மனிதர் 300 மீட்டரில் 6 மில் உயரம் தெரிவார். ஏயூஜி வளையத்தின் இரகசியம் அவ்வளவுதான்.

ஏன் ஒன்று முதல் எட்டு வரை?

ஒன்று என்றால் பெரிதாக்காமல், கண்ணுக்குத் தெரிவதுபோலவே காட்டுவது. அதற்கு எதற்குத் தொலைநோக்கி என்று கேட்கலாம். ஒரு மடங்கில் வைத்துக்கொண்டால் இரு கண்களையும் திறந்தபடியே குறிபார்க்க முடியும். கட்டடத்துக்குள்ளோ புதருக்கிடையிலோ சில மீட்டர் தூரத்தில் எதிர்ப்படுவதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் காட்டுப்பன்றிகளைக் கலைத்து ஓடவிட்டு வேட்டையாடுபவர்கள் நெடுங்காலமாகவே 1 முதல் 4 மடங்கு வரையிலான சிறு தொலைநோக்கிகளை விரும்பியதற்கு இதுவே காரணம்.

அதே கருவியின் வளையத்தைத் திருப்பி 6 மடங்குக்குக் கொண்டுபோனால், 300 மீட்டரில் இருப்பவர் 50 மீட்டரில் நிற்பவர்போல் தெரிவார். 50 மீட்டரில் ஒருவர் கையில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்று அடையாளம் காண வாய்ப்புண்டு. 300 மீட்டரில் வெறுங்கண்ணால் காண்பது அரிது. மாறும் உருப்பெருக்கத்தின் முதற்பயனை இங்கேதான் பார்க்க வேண்டும். தூரத்தில் இருப்பதைச் சுடுவதற்கு உதவுவதற்கு முன்னால், சுடக்கூடாத ஒன்றைச் சுடாமல் தடுக்க இது உதவுகிறது.

ஆகவே இந்தக் கருவியின் ரெட்டிகலிடம் இரண்டு எதிரெதிர் வேலைகள் கேட்கப்படுகின்றன. அருகில் இருப்பதை ஒரு நொடிக்குள் காட்ட அது தடிப்பாகவும் பளிச்சென்றும் இருக்க வேண்டும். தூரத்தில் இருப்பதைத் துல்லியமாகக் காட்ட அது மெல்லியதாகவும் இலக்கை மறைக்காததாகவும் இருக்க வேண்டும். இந்த இழுபறியிலிருந்துதான் இன்றுள்ள அத்தனை வடிவங்களும் பிறந்தன.

முன் தளமா, பின் தளமா?

உருப்பெருக்கம் மாறும் தொலைநோக்கியில் குவியத் தளங்கள் இரண்டு. முன்பக்க லென்ஸ் தலைகீழான பிம்பத்தை முதல் தளத்தில் உண்டாக்கும். நடுவே இருக்கும் லென்ஸ் தொகுதி அதை நிமிர்த்தி, வேண்டிய அளவு பெரிதாக்கி, கண்ணுக்கு அருகிலுள்ள இரண்டாம் தளத்தில் மீண்டும் காட்டும். நாம் வளையத்தைத் திருப்பும்போது நகர்வது இந்த நடு லென்ஸ் தொகுதிதான். சிலந்தி இழையை இப்போது எந்தத் தளத்தில் வைப்பது?

முதல் தளத்தில் வைத்தால், காட்சியோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும். 8 மடங்கில் காட்சி எட்டு மடங்கு பெரிதானால் கோடும் எட்டு மடங்கு பெரிதாகும். ஆகவே 2 மில் என்று குறித்த இடம் எந்த உருப்பெருக்கத்திலும் 2 மில்தான். எண்கள் எப்போதும் உண்மை பேசும்.

இரண்டாம் தளத்தில் வைத்தால், காட்சி மட்டும் பெரிதாகும். கோடுகள் கண்ணுக்கு எப்போதும் ஒரே அளவில் தெரியும். பார்ப்பதற்கு இது சுகமானது. ஆனால், எண்கள் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் உண்மை பேசும். பெரும்பாலும் அது ஆக உயர்ந்த உருப்பெருக்கமாக இருக்கும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் பார்க்கலாம். 1 முதல் 6 மடங்கு வரையிலான தொலைநோக்கி ஒன்றில், 6 மடங்கில் 2 மில் காட்டும் ஒரு கோடு இருக்கிறது. 300 மீட்டரில் அது 60 சென்டிமீட்டர். வீரர் சுற்றுப்புறத்தை அகலமாகப் பார்ப்பதற்காக 3 மடங்குக்குக் குறைத்துவிட்டு, அந்த நினைவில்லாமல் அதே கோட்டைப் பயன்படுத்துகிறார். இப்போது அந்தக் கோட்டின் மதிப்பு 4 மில், அதாவது 120 சென்டிமீட்டர். தோட்டா 60 சென்டிமீட்டர் உயரே போய்விடும். இலக்குப் பலகையின் நெஞ்சுக்கு வைத்த குறி தலைக்கு மேலே பறந்து பின்னால் இருப்பதில் படும். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. கோட்டைப் படித்த முறைதான் தவறு.

அப்படியானால் முதல் தளமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேயும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் அளவு ஏறக்குறைய ஒரு கலை. 0.05 மில் தடிப்புள்ள கோடு 8 மடங்கில் 1.4 கலை அளவுக்குத் தெரியும், நன்றாகப் பார்க்கலாம். ஒரு மடங்கில் அதே கோடு 0.2 கலைக்கும் குறைவு. மரத்தடி நிழலில் அது இருக்கும் இடமே தெரியாது. ஒரு மடங்கிலும் தெரியட்டும் என்று 0.3 மில் தடிப்பாக்கினால், 300 மீட்டரில் அது 9 சென்டிமீட்டர் அகலத்தை மறைத்துவிடும்.

இரண்டாம் தளத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்களின் வாதம் இதுதான்: பெரும்பாலானோர் இந்தக் கருவியை ஒன்று ஆகக் குறைந்த மடங்கில் வைப்பார்கள், அல்லது ஆக உயர்ந்த மடங்கில் வைப்பார்கள். முன்னதில் எண் தேவையில்லை, பின்னதில் எண் சரியாகவே இருக்கும். விளையாட்டுப் போட்டிகளில் இது பெரும்பாலும் உண்மை. அமெரிக்கப் போட்டியாளர்களிடையே பெயர்பெற்ற வோர்டெக்ஸ் ரேசர் 1 முதல் 6 மடங்குத் தொலைநோக்கி இரண்டாம் தளத்தைச் சேர்ந்ததே. களத்தில் நிற்கும் வீரருக்கோ நடுவிலுள்ள 3, 4 மடங்குகள்தான் அடிக்கடி தேவைப்படும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வேலைக்கு ஒரே படம்

வேட்டைக்காரர்கள் இதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். ஜெர்மானியர்களின் 'நான்காம் எண்' ரெட்டிகலில் இடம், வலம், கீழ் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் தடித்த தூண்கள் வந்து, நடுவை நெருங்கும்போது மெல்லிய கோடாக மாறும். அந்தி வெளிச்சத்தில் மெல்லிய கோடு மறைந்தாலும் மூன்று தூண்களும் கண்ணை நடுவுக்கு இட்டுச் செல்லும். அமெரிக்காவின் லியுபோல்டு நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த 'டூப்ளெக்ஸ்' வடிவமும் இதே எண்ணத்தில் நான்கு பக்கமும் தடித்து நடுவில் மெலிந்த குறுக்குக்கோடு. இன்றும் உலகில் ஆகப் பரவலாகக் காணப்படும் வடிவங்களில் அது ஒன்று.

இக்காலக் கையடக்கத் தொலைநோக்கிகள் அதே எண்ணத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஈஓடெக் நிறுவனத்தின் 'வூடு' 1 முதல் 6 மடங்குத் தொலைநோக்கியில் ரெட்டிகல் முதல் தளத்தில் இருக்கிறது. ஒரு மடங்கில் பார்த்தால் நடுவில் சிறிய, பளிச்சென்ற வளையம் மட்டும் தெரியும். அதற்குள் இருக்கும் நுண்கோடுகள் கண்ணுக்கு எட்டாத அளவு சிறுத்து ஒரு புள்ளிபோல் ஆகிவிடும். 6 மடங்குக்குத் திருப்பினால் வளையம் விரிந்து ஓரத்துக்கு விலக, உள்ளே இருந்த அளவுகோடுகள் வெளிப்படும். சின்ன வேலைக்குச் சின்னப் படம், பெரிய வேலைக்குப் பெரிய படம்; இரண்டும் ஒரே கண்ணாடியில்.

குதிரை லாடம் போன்ற அரைவளையமும் இதே வேலையைச் செய்கிறது. அதன் கீழ்ப்புறம் திறந்திருப்பதால் தூரத்துக் கோடுகளுக்கு இடம் கிடைக்கிறது. நடுவில் புள்ளிக்குப் பதிலாக வீட்டுக் கூரையின் முகடு போன்ற வடிவத்தை வைப்பவர்களும் உண்டு. புள்ளி தான் தொட்ட இடத்தை மறைக்கும். கூரையின் கூர்முனையோ இலக்கைக் கீழிருந்து தொட்டுக் காட்டும், மேற்புறம் மறைவதில்லை.

தோட்டாவுக்காக வரைந்த ஏணி

துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட தோட்டா நேர்க்கோட்டில் போவதில்லை. குழலை விட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. எந்தப் பொருளும் அரை நொடியில் ஏறக்குறைய 1.2 மீட்டர் விழும். தோட்டாவுக்கும் அதே விதிதான். ஆகவே தூரம் கூடக்கூட உயர்த்திப் பிடிக்க வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, நடுப்புள்ளிக்குக் கீழே ஏணிப்படிகள்போல் கோடுகள் போட்டு 3, 4, 5, 6 என்று எண்ணிட்டுவிடும் முறை ஒன்று உண்டு. 4 என்றால் 400 மீட்டர். வீரர் கணக்குப் போட வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்து வைத்தால் போதும்.

சோவியத் யூனியன் 1963-இல் ஏற்றுக்கொண்ட டிரகுனோவ் துப்பாக்கியின் பிஎஸ்ஓ-1 தொலைநோக்கி இத்தகைய எண்ணத்துக்குப் பழைய எடுத்துக்காட்டு. அதன் கீழ்மூலையில் வளைந்த கோடு ஒன்று இருக்கும். 1.7 மீட்டர் உயர மனிதரை அடிக்கோட்டுக்கும் வளைகோட்டுக்கும் இடையில் பொருத்தினால், 200 முதல் 1,000 மீட்டர் வரை தூரம் படிக்கலாம். பிற்காலத்தில் அமெரிக்க மரீன் படை பரவலாகப் பயன்படுத்திய டிரிஜிகான் ஏகாக் 4 மடங்குத் தொலைநோக்கியில் ஏணியின் ஒவ்வொரு படியின் அகலமும் அந்தத் தூரத்தில் 19 அங்குலத்துக்குச் சமம். ஒரு மனிதரின் தோள் அகலம் அது. எந்தப் படி தோளுக்குப் பொருந்துகிறதோ அதுவே தூரம், அதுவே குறி.

இந்த ஏணி வேகமானது, கற்பதற்கும் எளிது. ஆனால் ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட தோட்டா, குறிப்பிட்ட குழல் நீளம், குறிப்பிட்ட காற்று என்று சிலவற்றை நம்பி வரையப்பட்டது. மரீன் படையிடம் 20 அங்குலக் குழல் கொண்ட எம்16ஏ4, 14.5 அங்குலக் குழல் கொண்ட எம்4 என்று இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. தோட்டா ஒன்றுதான். என்றாலும் குட்டைக் குழலில் தோட்டாவின் வேகம் குறையும் என்பதால், ஏகாக் தொலைநோக்கியை இரண்டு வகையாக, இரண்டு வெவ்வேறு ஏணியோடு வாங்க வேண்டியிருந்தது. கருவியை இடம் மாற்றி மாட்டினால் எண்கள் பிசகிவிடும்.

காற்றும் அப்படித்தான். கடல் மட்டத்தில் இருக்கும் போர்ட் டிக்சனையும் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலைப் பகுதியையும் ஒப்பிட்டால், மலையில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. அடர்த்தி குறைந்த காற்றில் தோட்டாவின் வேகம் மெதுவாகத்தான் குறையும். ஆகவே அது விழுவதும் குறையும். 200 மீட்டரில் இதை யாரும் உணரமாட்டார்கள். 600 மீட்டரில் உணர்வார்கள்.

இதனால்தான் பலர் மில் அளவுகோலை மட்டும் வரைந்த ரெட்டிகலை விரும்புகிறார்கள். அது எந்தத் தோட்டாவையும் நம்பி வரைந்ததன்று, வெறும் அளவுகோல். எந்தத் துப்பாக்கியில் மாட்டினாலும் பயன்படும். மரீன் படை 2020-இல் தேர்ந்தெடுத்த தொலைநோக்கியும் முதல் தளத்தில் மில் அளவு கொண்டதே. இதில் தூரத்தையும் தோட்டாவின் சரிவையும் சுடுபவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1.7 மீட்டர் உயரமானது 4 மில் தெரிந்தால், 1.7-ஐ 4-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்க வேண்டும், 425 மீட்டர். மேசையில் உட்கார்ந்து போட எளிய கணக்குத்தான். மூச்சிரைக்க ஓடிவந்து மழையில் படுத்திருப்பவருக்கு அது எளிதன்று. அந்த மனிதரின் உண்மையான உயரம் 1.6 மீட்டர் என்றால் விடை 400 மீட்டராகிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மரமாய் விரியும் புள்ளிகள்

பக்கக் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நினைத்தவர்கள், ஏணியின் ஒவ்வொரு படியிலும் இடமும் வலமும் புள்ளிகளை வைத்தார்கள். கீழே போகப்போகப் புள்ளிகள் அகலமாகப் பரவுவதால் அது கிறிஸ்துமஸ் மரம்போல் தோன்றும். நீண்ட தூரத்தில் நிதானமாகச் சுடுபவருக்கு இது பெரிய உதவி. முதல் தோட்டா விழுந்த இடத்தைப் பார்த்து, அந்த இடத்தில் உள்ள புள்ளியையே அடுத்த குறியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காட்சியின் கீழ்ப்பாதி முழுக்கப் புள்ளிகளாக நிறைந்தால், புதருக்குள் அசைவது எது என்று பார்ப்பது கடினமாகிறது. சற்று முன்னே சொன்ன முதற்பயனை, அதாவது சுடுமுன் அடையாளம் காணும் வசதியை, இது குறைத்துவிடுகிறது. 1 முதல் 8 மடங்குக் கருவி நெடுந்தூரத்துக்கென்றே பிறந்த 25 மடங்குக் கருவியன்று. அதற்கு ஏற்ற அளவில் கோடுகளைக் குறைத்துக்கொள்வதே நல்ல வடிவமைப்பாளரின் வேலை. வாசலை நிறைக்கும் கோலம் அழகுதான். ஆனால் நடக்கவும் இடம் வேண்டுமல்லவா?

வெளிச்சம் எங்கே தேவை?

கறுப்புக் கோடு கறுத்த பின்னணியில் தெரியாது. அதற்காகத்தான் நாணய வடிவ மின்கலத்தின் உதவியால் ரெட்டிகலின் நடுப்பகுதியைச் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரச் செய்கிறார்கள். நண்பகல் வெயிலிலும் தெரியும் அளவுக்கு ஒளியூட்டுவது எளிய காரியமன்று. இரண்டாம் தளத்தில் ஒரே ஒரு புள்ளியை ஒளியிழையால் பளிச்சென்று எரியவிடலாம். முதல் தளத்தில் ரெட்டிகல் மிகச் சிறியது. அதன் நுண்ணிய கோடுகளை அதே அளவு ஒளிரச் செய்வது கடினம், செலவும் அதிகம்.

ஒளி மிகுந்தாலும் தொல்லைதான். இரவில் புள்ளி அளவுக்கு மேல் எரிந்தால் அது இலக்கையே விழுங்கிவிடும். மேலும், 24 மில்லிமீட்டர் முன்லென்ஸ் கொண்ட கருவியில் 6 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மில்லிமீட்டர் அகலம். 8 மடங்கில் 3 மில்லிமீட்டர்தான். அந்தி நேரத்தில் உருப்பெருக்கத்தைக் கூட்டக்கூடக் காட்சி மங்கும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அஸ்டிக்மாடிசம் என்னும் விழிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சாதாரணச் சிவப்புப் புள்ளிக் கருவிகளில் அவர்களுக்குப் புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரியும். கண்ணாடியில் பொறித்த கறுப்பு ரெட்டிகலை, கண்ணருகேயுள்ள லென்ஸைத் தம் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டால், பெரும்பாலும் கூர்மையாகவே பார்க்க முடியும். மின்கலம் தீர்ந்தாலும் அது மறையாது. ஆகவே விளக்கை அணைத்த நிலையிலும் பயன்படுகிறதா என்பதே ஒரு ரெட்டிகலுக்கு வைக்க வேண்டிய முதல் சோதனை.

கணினி வந்த பிறகு

2022 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை எக்ஸ்எம்157 என்ற கருவிக்காக வோர்டெக்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. பத்தாண்டுகளில் 2,50,000 கருவிகள் வரை வாங்க அதில் இடமுண்டு. இதுவும் 1 முதல் 8 மடங்குத் தொலைநோக்கிதான். ஆனால் அதற்குள் லேசர் தூரமானி, காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அறியும் உணரிகள், கணக்கிடும் கணினி எல்லாம் அடங்கியிருக்கின்றன. தூரத்தைத் தானே அளந்து, குறி வைக்க வேண்டிய இடத்தைக் காட்சியின் மேலேயே ஒளிப்புள்ளியாகக் காட்டும்.

இவ்வளவு வந்த பிறகு பொறித்த கோடுகளுக்கு வேலை இருக்கிறதா? இருக்கிறது. அந்தக் கருவியிலும் மின்சாரம் போனால் உதவக் கண்ணாடியில் பொறித்த ரெட்டிகல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கணினி தூரத்தைச் சொல்லும், காற்றைச் சொல்லும். எதிரே நிற்பவர் யார் என்பதை அது சொல்லாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

தேசிய சேவையில் இருப்பவர்கள், உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள், சுடும் மன்ற உறுப்பினர்கள் ஆகியோர் எந்தத் தொலைநோக்கியைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். ரெட்டிகல் எந்தத் தளத்தில் இருக்கிறது? இரண்டாம் தளம் என்றால், எத்தனை மடங்கில் அதன் எண்கள் உண்மை? ஏணிப்படிகள் இருந்தால், எந்தத் தோட்டாவுக்கும் எந்தக் குழலுக்கும் வரைந்தவை? விளக்கு அணைந்தால் எது தெரியும்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் விசையில் விரல் வைப்பது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. தொலைநோக்கி வழியே ஒருவரைப் பார்ப்பது என்றால் துப்பாக்கிக் குழலை அவர் பக்கம் திருப்புவது என்றே பொருள். ஆகவே தேடிப் பார்ப்பதற்குக் கைத் தொலைநோக்கியைப் பயன்படுத்த வேண்டும் என்று வேட்டைப் பயிற்சியாளர்கள் வற்புறுத்துவார்கள். புதருக்குள் அசைந்தது விலங்கு என்று நினைத்து உடன் வந்தவரைச் சுட்டுவிட்ட சோகங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

இந்த வட்டாரத்தில் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை என்பது அனைவரும் அறிந்ததே. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டமும் நடப்பில் உள்ளன. சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு கடுமைதான். துப்பாக்கிக்கான உறுப்பு எதையும், தொலைநோக்கியே ஆனாலும், இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டு வரவழைக்கும் முன் காவல்துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

பயிற்சித் திடலில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சிறு பயிற்சி போதும். 100 மீட்டரில் 60 சென்டிமீட்டர் அகலப் பலகை ஒன்றை நிறுத்தி, மில் அளவு கொண்ட ரெட்டிகலில் அது எத்தனை மில் தெரிகிறது என்று ஒவ்வொரு மடங்கிலும் பார்க்கட்டும். எல்லா மடங்கிலும் 6 என்றே வந்தால் அது முதல் தளம். எண் மாறிக்கொண்டே போனால் அது இரண்டாம் தளம். எந்த மடங்கில் 6 வருகிறதோ அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தோட்டாகூடச் செலவில்லாத இந்தச் சோதனையை முடித்த பிறகு அந்தக் கோடுகளை நம்பலாம்.